கடவையோரப் பற்றை

எங்கள் குடியிருப்பிலிருந்து வெளியே போக ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. முன்னால் தண்டவாளம், பின்னால் குடா. கடலில் இறங்கி நீந்திப் போகிற எண்ணம் இல்லாதவர்கள் எல்லோரும் தண்டவாளத்தைக் கடந்துதான் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் போகவேண்டும். சீனக்குடாவுக்கும் தம்பலகாமத்துக்கும் இடையில் அந்தக் கடவை இருக்கிறது. ரயில் வரும்போது மூட ஒரு கேற் இல்லை, மணி இல்லை, விளக்கு இல்லை. இது பாதுகாப்பற்ற கடவை என்று மூன்று மொழியிலும் எழுதிய பலகை ஒன்று மட்டும் நிற்கிறது. பாதுகாப்பு இல்லை என்பது எழுதி நட்டவர்களுக்கே தெரியும் என்றால், இனி யாருக்குத்தான் நாங்கள் சொல்லவேண்டும் என்று அந்தப் பலகையைப் பார்த்து நான் பலமுறை பேசியிருக்கிறேன்.

நான் பள்ளிக்கூட வான் ஓட்டுகிறவள். முதலில் என் மனிதர்தான் ஓட்டினார். சீனி வருத்தம் அவருடைய கண்ணைக் கொண்டுபோன பிறகு வான் திறப்பு என் கைக்கு வந்தது. பொம்பிளை வான் ஓட்டுகிறாளாம் என்று சிரித்த வாய்களே பிறகு தங்கள் பிள்ளைகளையும் ஏற்றச் சொல்லி வாசலுக்கு வந்தன. ஏற்றினேன். சிரித்ததற்குச் சேர்த்து நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் ஏற்றினேன்.

கடவைக்கு வந்தால் ஒரு முறை இருக்கிறது. பலகைக்குப் பக்கத்தில் வானை நிறுத்துவேன். எஞ்சினை நிறுத்துவேன். திரும்பிப் பிள்ளைகளை ஒரு பார்வை பார்ப்பேன். அவ்வளவுதான், உள்ளே மூச்சுச் சத்தம்கூட இருக்காது. இறங்கித் தண்டவாளம் வரைக்கும் நடந்து போய் இரண்டு பக்கமும் பார்ப்பேன். இடப்பக்கம் வெளி, வெகுதூரம் தெரியும். வலப்பக்கம்தான் வில்லங்கம். அங்கே பாதை வளைகிறது. வளைவின் உட்புறம் முழுவதும் இப்பில்-இப்பில் மரமும் நாயுண்ணிப் புதரும் ஆளுயரத்துக்கு மேலே மண்டிக் கிடக்கும். பார்த்துவிட்டு நான் ஓடிவந்து ஏறி, எஞ்சினை முடுக்கி, கியர் போட்டு மேட்டில் ஏறுவதற்குள் அந்தப் பற்றைக்குப் பின்னால் என்ன வந்துகொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெய்வமே என்று சொல்லிக்கொண்டுதான் வானை ஏற்றுவேன். ஒரு நாளைக்கு இரண்டு தரம், பிள்ளைகளோடு.

நேரத்துக்கு வருகிற பயணிகள் ரயிலுக்கு நான் பயப்படுவதில்லை. அது பிந்தினாலும் வந்து போய்விட்டதா இல்லையா என்று ஊரே சொல்லும். எனக்குப் பயம் சாமான் ரயில். துறைமுகப் பக்கமிருந்து மாவும் எண்ணெயும் ஏற்றிக்கொண்டு தனக்குத் தோன்றுகிற நேரத்தில் போகும், வரும். வலப்பக்க வளைவில் அது ஊதுகிற சத்தம் பற்றைக்குள்ளேயே அடங்கிவிடும். கிண்ணியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவருகிற நானாவின் பின்பெட்டியை ஒருநாள் அது தட்டிப் பறித்துக்கொண்டு போனது. அன்றைக்கு நானா என் வீட்டுக் கதிரையில் இருந்து, போன மீனின் விலையைத் திரும்பத் திரும்பக் கூட்டிச் சொல்லிக்கொண்டே தேத்தண்ணி குடித்தார்.

ஆக, எனக்குக் கேற் வேண்டும். இதில் எனக்கு ஒரு சொந்தக் கணக்கும் இருந்தது. எங்களுக்கு ஒரே மகள். வவுனியாவில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். வந்து ஒரு மாதமாவது தன்னோடு நில்லுங்கோ என்று அவள் கூப்பிடாத நாள் இல்லை. வானை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போகலாம், ஆனால் இறங்கிப் பார்க்கிற பொறுமை எவனுக்கு இருக்கிறது? சம்பளத்துக்கு வருகிறவன் ஹோர்ன் அடித்துக்கொண்டு ஒரே மூச்சில் ஏற்றிவிடுவான். கேற்றும் அதற்கு ஒரு ஆளும் இருந்தால் எவனும் ஓட்டலாம். அதனால் மகளுக்கு எப்போதும் ஒரே பதில்தான் சொல்வேன்.

"கேற் வரட்டும் பிள்ளை. வந்த அடுத்த நாள் நான் அங்க நிப்பன்."

"அம்மா, உங்கட கேற் வாறத்துக்கிடையில எனக்குப் பேரப்பிள்ளை பிறந்திடும்" என்பாள் அவள்.

கேற் கேட்டு எங்கள் கிராமச் சங்கம் அலையாத அரசாங்கக் கந்தோர் இல்லை. சங்கத் தலைவர் ஓய்வுபெற்ற தபால்காரர். நல்ல மனிதர், ஆனால் மானம் ரோசம் கொஞ்சம் அதிகம். ஒருநாள் அவர் மூச்சிரைக்க வந்து, கொழும்பிலிருந்து கடவைகளின் பாதுகாப்பைப் பரிசோதிக்கிற பெரிய அதிகாரி வருகிறார், எங்கள் கடவையும் அவருடைய பயணத்தில் இருக்கிறது என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. குசினிக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அன்று பின்னேரமே கூட்டம் போட்டார்கள்.

"வாற மனிசன் எங்களைப் பற்றி என்ன நினைப்பார்? ரோட்டைப் பாத்தால் நாய் கூட நடக்காது. கடவையடி காடு பத்திக் கிடக்குது. காட்டுமிராண்டியள் எண்டு நினைக்கப் போறார்" என்றார் தலைவர்.

எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. எனக்கும்தான். பெரியவர் ஒருவர் வருகிறார் என்றால் கூட்டி, வெட்டி, வெள்ளை அடித்து வைப்பது எங்களுக்குப் பிறவிக்குணம். பள்ளிக்கூடத்துக்கு ஒரு அதிகாரி வந்தாலும் அப்படித்தான், ஆஸ்பத்திரிக்கு ஒருவர் வந்தாலும் அப்படித்தான். வருகிறவர் ஒரு நாளும் உள்ளதைப் பார்த்துவிட்டுப் போனதில்லை.

அடுத்த நாள் சிரமதானம். சங்கத்தில் பெயர் உள்ளவர், இல்லாதவர் எல்லோரும் கத்தியும் மண்வெட்டியுமாக வந்தார்கள். நானா மீன் பெட்டியை மரநிழலில் வைத்துவிட்டுக் கோடரியை எடுத்தார். கண் தெரியாத என் மனிதர்கூட வந்து வெட்டிய கொப்புகளை இழுத்துப் போட்டார். இப்பில்-இப்பிலை அடியோடு தறித்தோம். நாயுண்ணியைக் கிளறி எரித்தோம். மேட்டுக்குக் கிரவல் மண் கொட்டினோம். பொடிச்சிகள் கல்லுகளுக்குச் சுண்ணாம்பு பூசினார்கள். வேலை முடிந்து நிமிர்ந்து பார்த்தபோது வளைவு முழுவதும் வெளித்து, அதற்கு அப்பால் குடாவின் தண்ணீர்கூடத் தெரிந்தது. இவ்வளவு வடிவான இடத்திலா இத்தனை காலம் இருந்தோம் என்று ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். அன்றைக்கு எனக்கிருந்த சந்தோசத்தை இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறையவேண்டும் போலிருக்கிறது.

அதிகாரி வந்தார். மலையகத்துத் தமிழர், நடுவயது, மெலிந்த உடம்பு. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வாழைக்குலையும் தென்னோலைத் தோரணமும் நிறைகுடமும் வைத்திருந்ததைக் கண்டு ஒரு கணம் திகைத்துவிட்டார். மாலையை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு வேலையைத் தொடங்கினார். நான் வழக்கமாக வான் நிறுத்துகிற இடத்தைக் கேட்டு அதே இடத்தில் போய் நின்றார். கூட வந்தவர் ஒரு சிவப்புக் கொடியைப் பிடித்துக்கொண்டு வளைவுப் பக்கமாகத் தண்டவாளத்தில் நடந்து போனார். கொடி கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும் அவர் நடக்கவேண்டுமாம். அந்தக் கொடி போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு பொட்டாகத் தெரிந்தபோதும் தெரிந்துகொண்டுதான் இருந்தது.

அப்போதுதான் நாங்கள் எதை வெட்டிப்போட்டோம் என்று எனக்கு விளங்கியது. தலைவரைப் பார்த்தேன். அவர் பெருமையோடு கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நல்லாத் தெரியுதே. இங்க விபத்து ஏதும் நடந்திருக்கா?" என்று அதிகாரி கேட்டார்.

"கடவுளே எண்டு ஒண்டும் நடக்கேல்ல ஐயா" என்றார் தலைவர். நல்ல காரியத்துக்கு வந்தவரிடம் அபசகுனமான கதை சொல்லலாமா?

அதிகாரி நானாவைப் பார்த்தார். "அல்லாட காவல், ஒண்டுமில்ல சேர்" என்றார் நானா. பெட்டி போனதைச் சொன்னால் உயிர் தப்பியதற்குச் செய்த நன்றி கெட்டுப்போகும் என்று பிறகு என்னிடம் விளக்கம் சொன்னார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். எங்கள் ஊரில் நுணல்கள் கூட்டமாக நின்று கெட்டன.

என்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா நிற்க ஏலவில்லை.

"ஐயா, முந்தநாள் வரைக்கும் இதில காடு. ஆளுயரத்துக்கு மேல. ஒண்டும் தெரியாது. இந்தா, அடிக்கட்டையைப் பாருங்கோ. இந்த நானாவை சாமான் ரயில் தட்டினது."

அவர் குனிந்து அடிக்கட்டைகளைப் பார்த்தார். பால் காயாத புது வெட்டு.

"அப்போ ஏம்மா வெட்டுனீங்க?"

நீங்கள் வருகிறீர்கள் என்றுதான் வெட்டினோம் என்று அவர் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? பொல்லைக் கொடுத்து அடி வாங்கின கதை என்று கேட்டிருக்கிறேன். நாங்கள் பொல்லுக்கு வெள்ளையும் அடித்துக் கொடுத்திருந்தோம்.

"அம்மா, நான் பாக்குறதைத்தான் எழுத முடியும். கேற் போட இருக்கிற காசு கொஞ்சம். ரயில் தெரியாத இடத்துக்குத்தான் முதல்ல. இங்க தெரியுது" என்றார். குரலில் கெட்ட எண்ணம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். கெட்டவனாக இருந்திருந்தால் இரண்டு பேச்சுப் பேசி ஆறியிருப்பேன். மறுபடி பார்க்கச் சொல்லி விண்ணப்பம் போடுங்கள், ஆனால் எப்போது வருவோம் என்று இந்தமுறை சொல்லமாட்டோம், சொன்னால் இப்படித்தான் ஆகும் என்றார். வாழைக்குலையைப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

விண்ணப்பம் போட்டோம். தலைவருக்கு வெட்கம் ஒரு பக்கம், ரோசம் ஒரு பக்கம். சங்கத்தைக் கூட்டி ஒரு சட்டம் வைத்தார்.

"இனி அந்த மனிசன் திரும்பி வரும் வரைக்கும் கடவையடியில ஒருத்தரும் ஒரு கொப்பு முறிக்கப்படாது. பற்றை எவ்வளவு வளருதோ அவ்வளவுக்கு எங்களுக்குக் கேற் கிட்ட."

கை தட்டினார்கள். நான் எழும்பினேன்.

"அப்ப அதுவரைக்கும் பிள்ளையளை நான் என்னெண்டு கொண்டு போறது?"

"இவ்வளவு காலமும் என்னெண்டு கொண்டு போனனீங்கள் தங்கச்சி? அப்பிடித்தான்" என்றார் தலைவர்.

இப்பில்-இப்பிலைத் தறித்தால் ஒன்றுக்கு நாலாக வெடிக்கும். ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் ஒவ்வொரு அடிக்கட்டையிலிருந்தும் குருத்துகள் போட்டிபோட்டுக்கொண்டு வந்தன. கார்த்திகையில் வளைவு மூடிவிட்டது. முன்பு அது தானாக வளர்ந்த பற்றை. இப்போது நாங்கள் காவல் வைத்து வளர்க்கிற பற்றை. ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போன ஒரு மனிசியைத் தலைவர் ஏசிக் கலைத்துவிட்டார். கொடியைப் பிடித்துக்கொண்டு யாராவது வந்து நின்றால் தெரியக்கூடாது என்று ஊர் முழுவதும் வேண்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு காலையும் நான் அந்தப் பச்சைச் சுவருக்கு முன்னால் வானை நிறுத்தி, பிள்ளைகளை அடக்கி, இறங்கி நின்று காது கொடுத்தேன். மழை பெய்தால் அதுவும் கேட்காது. வெட்டினால் கேற் இல்லை. வெட்டாவிட்டால் பிள்ளைகளுக்கு உத்தரவாதம் இல்லை. வானை நிறுத்திவிட்டால் பிள்ளைகள் அந்த மழையில் நடந்து கடப்பார்கள், அது அதைவிட மோசம். எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்கு வழி இல்லை.

"ஊர் சொன்னால் கேக்கத்தானே வேணும்" என்றார் என் மனிதர்.

"ஊர் வானுக்குள்ள இருக்கேல்ல. நான் இருக்கிறன்" என்றேன்.

மார்கழிக்குக் கிட்ட, லீவு விடுவதற்கு முன், ஒரு காலை மழை தூறிக்கொண்டிருந்தது. வழக்கம்போல் நிறுத்தி, இறங்கி, பார்த்து, காது கொடுத்துவிட்டு ஓடிவந்து ஏறினேன். எஞ்சின் ஈரத்தில் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுபோனது. எரிச்சலில் ஸ்டியரிங்கில் ஓங்கி ஒரு அடி அடித்தேன். மறுபடி திறப்பைத் திருப்பப் போகையில் பற்றைக்குள்ளிருந்து சாமான் ரயில் வந்தது. ஊதினதோ இல்லையோ, எனக்குக் கேட்கவில்லை. எஞ்சின் முதல் தரமே பிடித்திருந்தால் நாங்கள் மேட்டில் இருந்திருப்போம். எண்ணெய்ப் பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடிக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தன. வான் அதிர்ந்தது. பிள்ளைகள் ஒருவரும் அழவில்லை. வாயைத் திறக்கக்கூடாது என்று நான் பழக்கியிருந்தேன் அல்லவா? அது போய் முடிந்த பிறகும் அப்படியே இருந்தார்கள். பின்சீற்றில் இருந்த சின்னது ஒன்று மெல்லமாக, "அன்ரி, இப்ப கதைக்கலாமோ?" என்று கேட்டது.

பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கினேன். வீட்டுக்கு வந்து கத்தியை எடுத்தேன். "என்ன செய்யப் போறீர்?" என்று மனிதர் கேட்டார். கடவைக்குப் போய் வெட்டத் தொடங்கினேன். மழையில் சீலை உடம்போடு ஒட்ட, கை கொப்பளிக்க வெட்டினேன். வாயில் வந்த கெட்ட வார்த்தை எல்லாம் சொல்லிச் சொல்லித்தான் வெட்டினேன். பாதி வெட்டி முடிகிற நேரம் தலைவர் குடையோடு வந்து சேர்ந்தார்.

"என்ன வேலை பாக்கிறீர்? கேற் வர இருக்கிறதைக் கெடுக்கிறீரே."

"பிள்ளையள் செத்தால்தான் உங்கட கேற் வரும். அப்பிடி ஒரு கேற் எனக்கு வேண்டாம்."

அவர் ஒரு வார்த்தை சொன்னார். அதுதான் இன்றுவரை என் கழுத்தில் கிடக்கிறது.

"அப்ப நீரே வெட்டும். இனி எப்பவும் நீரே வெட்டும். சங்கம் இதில கை வைக்காது."

வெட்டினேன். பற்றை மழைக்காலத்தில் இரண்டு கிழமை பொறுக்காது. நான் நாலு நாள் காய்ச்சலில் படுத்தாலும் குருத்து தலையெடுத்துவிடும். நானா மட்டும் வருகிற போக்கில் மோட்டார் சைக்கிளை நிறுத்திக் கைக்கு எட்டியதை முறித்துப் போட்டுவிட்டுப் போவார். அவருக்கும் இடுப்பு நோ. ஊரார் போகும்போது தலையைத் திருப்பிக்கொண்டு போனார்கள். ஆனால் பார்த்துக் கடக்கிறபோது வளைவின் அந்தக் கடைசிவரை பார்த்துத்தான் கடந்தார்கள். அதை நான் கவனிக்காமல் இல்லை.

வெயில் தொடங்கியதும் அதிகாரி வந்தார். சொன்னபடி சொல்லாமல் வந்தார். தோரணம் இல்லை, மாலை இல்லை. நான் மத்தியான ஓட்டத்துக்கு வானோடு கடவையில் நின்றேன். கொடி போனது. தெரிந்தது. கடைசிவரை தெரிந்தது. அவர் பழைய வெட்டையும் புது வெட்டையும் பார்த்தார்.

"யாரும்மா வெட்டுறது?"

"நான்தான் ஐயா."

"தனியாவா?"

"ஓம்."

கொப்பியைத் திறந்தார். வளைவின் கடைசிவரை பார்வை நல்லபடி இருக்கிறது, குடியிருப்பாளர்களே பற்றையைப் பராமரிக்கிறார்கள் என்று எழுதுவேன், அதுதான் உண்மை, தொடர்ந்து வெட்டுங்கள் என்றார். வெட்ட முடியாமல் போனால் அறிவியுங்கள், அப்போது கேற்றைப் பற்றி யோசிக்கலாம் என்றார்.

"வெட்டாமல் விட்டால், அறிவிக்க ஆள் மிஞ்ச வேணுமே ஐயா" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. கொடிக்காரர் திரும்பி வந்ததும் போய்விட்டார்கள். கடவையின் பாதுகாப்புக்கு அரசாங்கம் ஏற்பாடு செய்துவிட்டது. அந்த ஏற்பாடு நான்தான்.

இந்த ஐப்பசியில் மகளுக்குப் பிள்ளை பிறந்தது. அவள் சொன்னதுபோலப் பேரப்பிள்ளை இல்லை, பிள்ளைதான். பெண்குழந்தை. பிள்ளைப்பேற்றுக்குத் தாய் போய் நிற்காத வீடு எங்கே இருக்கிறது? அவளுடைய மாமியார்தான் பத்தியக் கறி வைத்துக் கொடுக்கிறாராம். போகத்தான் வெளிக்கிட்டேன். வளைவு வெளித்திருந்தால் எவனும் ஓட்டலாம் என்று வானுக்கும் ஒருவனைப் பேசி வைத்தேன். பையில் பத்தியத்துக்குச் சரக்குத்தூளும் நல்லெண்ணெய்ப் போத்தலும் வைத்துக் கட்டினேன். தலைவர் வீட்டுக்குப் போய், ஒரு மாதம் மட்டும் யாரையாவது வெட்ட விடுங்கோ என்று என் ரோசத்தை விட்டுக் கேட்டேன். பாப்பம் என்றார். மழை தொடங்கி ஒரு கிழமை பார்த்தேன். ஒருவரும் வரவில்லை. குருத்து முழங்காலுக்கு வந்துவிட்டது. பையை அவிழ்த்தேன். சரக்குத்தூளை வவுனியா பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

நேற்றுப் பின்னேரம் மகள் வீடியோவில் வந்தாள். பிள்ளை அவள் தோளில் நித்திரை. மூக்கு என் மனிதருடைய மூக்கு. அதை அவருக்குச் சொன்னேன். அவர் ஃபோனை வாங்கி முகத்துக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு, தெரிகிறதுபோலச் சிரித்தார்.

"அம்மா, மழை விட்டால் வாறன் எண்டனீங்கள். அங்க இன்னும் மழையோ?"

"இல்லைப் பிள்ளை. நல்ல வெயில். நாளையிண்டைக்கு வெளிக்கிடுவன்."

"அப்ப என்ன அந்தச் சத்தம்?"

தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"சாமான் கோச்சி போகுது" என்றேன்.

அவள் காதை ஃபோனுக்குக் கிட்டக் கொண்டுவந்தாள். சத்தம் நிற்கவில்லை. இவ்வளவு நீளக் கோச்சியோ அம்மா என்று அவள் கேட்கவில்லை. பிள்ளையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு, கத்தியைக் கவனமாகப் பிடியுங்கோ அம்மா என்று மட்டும் சொன்னாள்.